ஆட்டுக்கல் குழியில் விருந்து

சவரிமுத்துவின் நீல பைட்டர் மீன் கடையிலிருந்து வந்த நாள் முதல் பட்டினி. உலகத்துத் தீனியெல்லாம் போட்டுப் பார்த்தார். வாயில் வாங்கி, அவர் முகத்தைப் பார்த்தே துப்பியது. இன்று ஒருக்களித்து மிதக்கத் தொடங்கியதும், ஓய்வுபெற்ற அந்த பஸ் கண்டக்டர் மக்கையும் டீ வடிகட்டியையும் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். மழைநீர் தேங்கிய பழைய ஆட்டுக்கல் குழியில் கொசுப்புழுக்கள் திருவிழாக் கூட்டமாக நெளிந்தன. பக்கத்தில், கொசு ஒழிக்க வந்த நகராட்சி மல்லிகா மருந்துப் புட்டியைத் திறந்துகொண்டிருந்தாள்.

“ஊத்திடாதம்மா! அது என் மீனுக்குச் சாப்பாடு!”

“டெங்கு வந்தா உங்க மீனா வந்து பாக்கும்? தள்ளுங்க சார்.”

“ஒரு புழு மிஞ்சினாலும் என் மீசைய எடுத்துடறேன்!”

பேருந்து பேருந்தாகப் பயணிகளை மிரட்டிய மீசை அது. மல்லிகா அதை ஏற இறங்கப் பார்த்தாள். “பக்கத்து வீட்டுத் தொட்டிய முடிச்சிட்டு வர்றேன். அதுக்குள்ள அள்ளிக்குங்க.”

கடலையே வற்றவைப்பவர் போல அள்ளினார். அவள் திரும்பிவந்து குனிந்தபோது குழியில் வானம் மட்டும் தெரிந்தது.

வீட்டுக்குள், கண்ணாடித் தொட்டியில் முதல் புழு துள்ளியதும் மீன் நிமிர்ந்தது. லபக்! அடுத்தது. அதற்கடுத்தது. வால் தோகையாக விரிந்ததில் அறையே நீலமாகிப்போனது. புழுக்களைக் கொல்வதையே வேலையாகக் கொண்ட மல்லிகா கண்ணாடியில் மூக்கு படப் பார்த்தாள்.

“இன்னும் போடுங்க சார், பாவம்.”

மக் காலி. மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது.

“அடுத்த தெருவுல யார் வீட்டுலம்மா தண்ணி நிக்குது?” என்று கேட்டபடி, வடிகட்டியைத் துப்பாக்கி போலத் தோளில் சாத்திக்கொண்டு, சவரிமுத்து அவளுக்கு முன்னால் படி இறங்கினார்.