வெள்ளம் வருதா?

"இன்னைக்கும் தண்ணி நின்னுபோச்சு. இந்த வீட்டுக்கு ஒரு ஸ்டார்கூடக் குடுக்க மாட்டேன்."

முகமெல்லாம் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து கத்தினான் வினோஜ். வந்த நாளிலிருந்து சாயங்காலமானால் குழாய் நின்றுவிடுகிறது.

"பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்" என்றாள் அவன் மனைவி அஞ்சு.

கடலோர ஊரில், வெள்ளைக்காரப் பாதிரியார் காலத்து ஓட்டு பங்களா. மஸ்கட்டில் இருக்கும் ரெனிஷ் அதை விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறான். சென்னையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து மயங்கியது வினோஜ்தான்.

கதவு தட்டப்பட்டது. ரெனிஷின் அப்பா செல்வதாஸ். பின்கட்டு அறையில் தனியாக இருப்பவர். கையில் ஸ்பானர்.

"வெள்ளம் வருதா மக்களே?"

முதல் நாள் இதைக் கேட்டதும் வினோஜ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடிவிட்டான். சென்னைக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? இந்தப் பக்கத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தான் என்பது அப்புறம்தான் விளங்கியது.

செல்வதாஸ் பின்பக்கம் போனார். தண்ணீர் வந்தது. பிறகு வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார். சாயா குடித்தார். இறந்துபோன மனைவி லீலாபாய் வைக்கும் மீன்கறியைப் பற்றிச் சொன்னார். முந்தின நாளும் அதே மீன்கறிதான்.

அவர் போனதும் வினோஜ் பல்லைக் கடித்தான். "நாளைக்கும் நின்னுச்சுன்னா அவர் பையனுக்கு போன் போடுறேன்."

மறுநாள் சாயங்காலம், கொடியில் துணி எடுக்கப் போன அஞ்சு அப்படியே நின்றுவிட்டாள். செல்வதாஸ் குனிந்து, வீட்டுக்குள் போகும் குழாயின் வால்வை மூடிக்கொண்டிருந்தார்.

"நீங்கதானா அங்கிள்?"

அவசரமாகத் திறந்துவிட்டார்.

"கம்ப்ளெயிண்ட் வந்தா மட்டும் முன்பக்கம் போவணும், வந்திருக்க ஆளுவளுக்குத் தொந்தரவு குடுக்கப்பிடாதுன்னு எனக்க மவன் சொல்லியிருக்கான் மக்களே. பேச ஒரு ஆளு வேண்டாமா? இனி அடைக்க மாட்டேன். அவனுக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. தெரிஞ்சா என்னை நாகர்கோவில்ல ஏதாவது ஹோம்ல கொண்டு விட்டுருவான்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அஞ்சு துணியை எடுக்காமலே திரும்பினாள்.

வினோஜிடம் சொன்னாள். "ப்ளீஸ், போன் மட்டும் போட்டுடாதே."

"தினமும் என்னை சோப்போட நிக்க வச்சது அவரா?" என்று மட்டும் கேட்டான். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த நாள் இருட்டத் தொடங்கியும் தண்ணீர் நிற்கவில்லை. யாரும் கதவைத் தட்டவும் இல்லை. அத்தனை பெரிய வீட்டில் கடல் சத்தம் மட்டும்தான். அஞ்சுவுக்கு என்னவோபோல் இருந்தது.

சாயாவை அடுப்பில் வைத்துவிட்டு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் சட்டென்று நின்றது.

'சொன்ன சொல்லை ஒருநாள்கூடக் காப்பாற்றவில்லையே மனுஷன். வினோஜ் சும்மா விடமாட்டானே' என்று பதறிப் பின்பக்கம் ஓடினாள்.

செல்வதாஸின் கதவு சாத்தியே இருந்தது. வால்வை இறுக்கி மூடிவிட்டு நிமிர்ந்தவன் வினோஜ்.

கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்டினான்.

"அங்கிள், வெள்ளம் வரலை. கொஞ்சம் வந்து பாருங்களேன்."