கையை மிதிக்க ஓர் ஆள்

ஆட்டம் பதினெட்டுக்குப் பதினெட்டு. திருவிழா வெயில் பந்தடிச் சுவரின் ஒரு பாதியை மஞ்சளாக்கியிருக்க, மறுபாதியின் நிழலில் எனெரிட்ஸ் மண்டியிட்டு, வீங்கிச் சிவந்த வலக்கையைத் தரையில் விரித்து வைத்திருக்கிறாள். இவ்வூரில் பெண்கள் வெறுங்கையால் சுவரில் பந்தடித்து ஆடும் முதல் இறுதிப்போட்டி இது. இரண்டு நிமிட இடைவேளைக்குள் வீக்கம் வடியாவிட்டால் அவள் ஆட முடியாது. ஆண் ஆட்டக்காரர்கள் காலங்காலமாகச் செய்யும் வைத்தியத்தையே அவளும் நாடுகிறாள்: யாரேனும் கையின்மேல் ஏறி மிதிக்க வேண்டும். அவளுடைய ஜோடி இசாரோ ஏறி நிற்கிறாள். “மிதிக்கிறியா, தடவிக் குடுக்கிறியா? எறங்குடி!” எனெரிட்ஸின் பார்வை விழாக்குழுத் தலைவர் கோஸ்மேயின்மேல் நிலைக்கிறது. எடை நூற்றுப்பத்துக் கிலோ. பெண்களின் கை இந்த ஆட்டத்தைத் தாங்காது என்று மூன்று மாதம் வாதாடியவர். “கோஸ்மே அண்ணே, ஷூவக் கழட்டிட்டு வாங்க.” “நானா? எலும்பு நொறுங்கிடும்மா!” “அந்தத் தொப்பை இன்னிக்காவது ஊருக்கு உதவட்டும், ஏறுங்க!” என்று பார்வையாளர் படியிலிருந்து அவர் மனைவி கத்துகிறாள். கோஸ்மே கண்களை இறுக மூடிக்கொண்டு ஏறுகிறார். “இன்னும் அழுத்துங்க.” கீழே முனகல் இல்லை, மேலேதான் ஒருவர் முனகுகிறார். எனெரிட்ஸ் விரல்களை மடக்கிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சுவரை நோக்கி நடக்கிறாள். அவள் எழுந்த இடத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி வந்து மண்டியிடுகிறாள். “அண்ணே, அப்படியே எனக்கும்.” கோஸ்மே நெற்றி வியர்வையைத் துடைக்கிறார். “எந்தக் கைம்மா?”