பொறுமை காணாமல் போகும் நேரம்

"இந்தப் பொறுமையைக் குழுவை விட்டுத் தூக்கினாத்தான் நமக்கு விமோசனம்" என்றார் தலைவர்.

தலைவர் என்றால் கட்சித் தலைவர் இல்லை. பகலெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றியதும் காதில் ஹெட்போன், மடியில் லேப்டாப். ஆன்லைனில் ஒரு பாதாளக் கோட்டைக்குள் இறங்கிவிடுவார். பூதங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டே தளம் தளமாகக் கீழே போகிற விளையாட்டு. நாலு பேர் சேர்ந்தால்தான் கதவே திறக்கும்.

ஆரம்பத்தில் அவரும் திண்டாடியவர்தான். பூதம் என்று நினைத்துத் தூணை வெட்டினார். புதையல் பெட்டி என்று ஆசையாகத் திறந்தார், அது அவரையே விழுங்கியது. விழுந்து எழுந்து ஒருவழியாக இன்று ஒரு குழுவுக்கே தலைவர் ஆகிவிட்டார். கூட பூனைவால், சுண்டெலி என்று இரண்டு பேர். முகம் தெரியாது, குரல் மட்டும் பழக்கம்.

நாலாவது ஆள் பொறுமை. வைத்தியர் வேடம். அடிபட்டவர்களுக்கு மருந்து வீசிக் காப்பாற்றுகிற வேலை. மைக்கில் பேசுகிற வழக்கமில்லை, எழுத்தில்தான் பதில். சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள் மளமளவென்று வளர்ந்து தலைவரையே எட்டிப் பிடித்துவிட்ட கெட்டிக்கார ஆள்.

ஒரே ஒரு கோளாறு. சண்டை சூடு பிடிக்கிற நேரத்தில் பொறுமை அப்படியே சிலையாக நின்றுவிடும். மருந்தும் வராது, பதிலும் வராது. "மன்னிக்கணும், வந்துட்டேன்" என்று திரும்பும்போது எல்லோரும் செத்துக் கிடப்பார்கள். செத்தால் மறுபடி முதல் தளத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"போன வாரம் அப்படித்தானே? என் லேப்டாப்ல சார்ஜ் தீரப் போகுது, சார்ஜரைக் கொண்டான்னு வீட்ல கத்திட்டு இருக்கேன், எதிர்ல பூதம் என்னைப் போட்டுச் சாத்துது. வைத்தியரை எங்கே காணோம்?"

"பாவம் தலைவரே, என்ன கஷ்டமோ" என்றாள் பூனைவால்.

"கஷ்டம் யாருக்கு இல்ல? உட்கார்ந்தா உட்கார்ந்த இடத்துல இருக்கணும். நான் ஒரு நாளாவது நடுவுல எழுந்து போயிருக்கேனா?"

அது உண்மைதான். எழுந்தே போனதில்லை.

"இன்னிக்கு ஒரு சான்ஸ். கடைசித் தளத்து வாசல்ல நிக்கிறோம். இன்னிக்கும் காணாம போனா, நாளைக்கு வேற வைத்தியர்" என்றார் தலைவர் கறாராக.

திரையில் பொறுமையின் எழுத்து வந்தது. "எனக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கும். என்ன ஆனாலும் இன்னிக்கு நகர மாட்டேன்."

கதவு திறந்தது. உள்ளே மூன்று தலைப் பூதம் தயாராக நின்றது.

தலைவர் வாளை ஓங்கிக்கொண்டே உள் அறைப் பக்கம் குரல் கொடுத்தார். "ஏம்மா, ஒரு டீ."

அவர் மனைவி கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை பார்க்கிறவள். அவளும் சாயங்காலமே வேலை முடிந்து வந்திருந்தாள். முன்பு ஒருநாள், "எனக்கும் இதைச் சொல்லிக் குடுங்களேன்" என்று கேட்டிருக்கிறாள். "உனக்கெல்லாம் இது பிடிபடாது" என்று சொல்லி அதோடு முடித்துவிட்டார்.

பூதம் பாய்ந்தது. சுண்டெலி சுருண்டு விழுந்தான். பொறுமையின் மருந்து பறந்து வந்தது, எழுந்துகொண்டான்.

"ஏம்மா, டீ என்னாச்சு?"

பதில் இல்லை. பூதம் நெருப்பைக் கக்கியது. தலைவரின் உயிர் முக்கால்வாசி கரைந்தது. உடனே அவருக்கும் மருந்து வந்தது.

"உங்க வீட்டு டீ சத்தம் இங்க வரைக்கும் கேட்குது தலைவரே" என்று பூனைவால் சிரித்தாள்.

"கேட்க வேண்டிய காதுல விழமாட்டேங்குதே. ஏம்மா, அந்த ஃபேனையாவது போட்டுவிடேன்."

ஃபேனும் சுழலவில்லை. ஆட்டம் முடியட்டும், இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

பொறுமை இம்மி நகரவில்லை. விழுந்தவரை எழுப்பி, எழுந்தவரைத் தேற்றி, கடைசி மருந்து வரை வீசித் தீர்த்தது. மூன்றாவது தலையும் உருண்டது.

நிஜமாகவே ஜெயித்துவிட்டார்கள். தலைவர் மைக்கை வாய்ப்பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பொறுமை, உங்களை என்னென்னவோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. பொறுப்புன்னா இதுதான். இங்க என் வீட்டையும் பாருங்க, எத்தனை தடவை கூப்பிட்டேன், ஒரு டீக்கு வழியில்ல."

"வைத்தியருக்கு ஏதாவது பரிசு குடுங்க தலைவரே" என்றான் சுண்டெலி.

"கேட்கட்டும்யா. என் வாளையே கேட்டாலும் தர்றேன். பொறுமை, என்ன வேணும் உங்களுக்கு?"

திரையில் எழுத்து மெதுவாக வந்தது.

"ஒரு டீ போட்டுக் குடுங்க. பக்கத்து ரூம்லதான் இருக்கேன்."