ஒரு முடிகூடத் தெரியக் கூடாது

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், முடி பின்னும் ஒடெஸாவின் சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததுமே கெட்டூரா ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, நல்லா தலையோட ஒட்டிப் பின்னிடுங்க. நாளைக்கு புது வேலை. என் முடி ஒண்ணுகூட வெளிய தெரியக் கூடாது."

காதைத் தாண்டி நாலா பக்கமும் சுருண்டு நின்ற முடிக்குள் சீப்பை இறக்கிய ஒடெஸாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"முடியை நேராக்கிட்டு வான்னு சொன்னாங்கன்னு ஹோட்டல் வேலையையே தூக்கி எறிஞ்சவதானடி நீ? இப்ப என்ன ஆச்சு?"

"அதுக்கப்புறம் வேலையே கிடைக்கலக்கா. இதையும் விட்டா வாடகை குடுக்க முடியாம அம்மா வீட்டு சோபாலதான் படுக்கணும்."

"எந்த மகராசன் கம்பெனி? பேங்க்கா? நம்ம தலையைப் பாத்தா கஸ்டமர் பயந்து ஓடிடுவானாமா?"

"இல்லக்கா. விளம்பரத்துல நடிக்கிறேன்."

"என்ன விளம்பரம்?"

கெட்டூரா கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னாள். "கறுப்புப் பொண்ணுங்களோட சுருட்டை முடிக்கு எண்ணெய். 'பிறந்தபடியே அழகு'ன்னு பெருசா போட்டு, பக்கத்துல நான் சிரிக்கணும்."

சீப்பு அப்படியே நின்றது.

"அப்ப இந்த முடிக்கு என்னடி குறைச்சல்?"

"இயற்கையா தெரியலையாம். டிவில நம்ம ஆளுங்களுக்குப் பந்து மாதிரி உருண்டையா இருக்குமே, அதுதான் வேணுமாம். டைரக்டரே விக் வாங்கி வெச்சிருக்கார்."

ஒடெஸா வகிடெடுத்து அழுத்திப் பின்ன ஆரம்பித்தாள்.

"இறுக்கியே பின்றேன். காத்தடிச்சா இயற்கை அழகு பறந்துடப் போகுது."