வெளுத்த கண்ணாடி

ஜெசிந்தா படுக்கையில் விழுந்த பிறகு அவள் பார்ப்பதற்கென்று இருந்தது எதிரே இருந்த மீன்தொட்டி மட்டும்தான். அதிலிருந்த ஒரே தங்கமீன் ஒரு விடியற்காலையில் செத்து மிதந்தது. அவள் விழிப்பதற்குள் அவள் கணவன் தனிஸ்லாஸ் அதை எடுத்துவிட்டு, ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் மீன் ஒன்றை நூலில் கட்டிக் காற்றுக்குமிழிகளுக்கு நடுவே ஆடவிட்டான். அன்றிலிருந்து தொட்டியில் போர்வெல்லின் உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றினான். கண்ணாடி மேலும் அதையே தெளித்துக் காயவிட்டான். உப்பு படிந்து கண்ணாடி வெளுத்தது. உள்ளே மங்கலாக ஏதோ ஒன்று அசைந்துகொண்டே இருந்தது.

நேற்று அவன் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது வீடெல்லாம் வினிகர் நெடி. ஊரிலிருந்து வந்திருந்த ஜெசிந்தாவின் தங்கை மெட்டில்டா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். குழாயையும் பில்டரையும் வினிகரில் ஊறவைத்து, கண்ணாடியைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்திருந்தாள். பிளாஸ்டிக் மீனையும்.

“பாத்ரூம் ஆசிட் மீனுக்கு ஆகாதுன்னு வினிகர் வாங்கிட்டு வந்தேன் அத்தான். பெறவுதான் பாத்தேன்,” என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

தெளிந்த கண்ணாடிக்குள் நூல்கூடத் தெரிந்தது. ஜெசிந்தாவின் பக்கம் திரும்ப அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“அது மறுபடி வெளுக்க எத்தன நாளாகும்?” என்று கேட்டாள்.