தாண்டவனின் கண்ணாடி

வன்முறைத் தொடர்கள் பிஞ்சு உள்ளங்களை எப்படிப் பாழாக்குகின்றன என்று, காலையில்தான் சீர்காழி மாதா கோயில் மண்டபத்தில் வியர்க்க வியர்க்க முழங்கிவிட்டு வந்திருக்கிறார் தலைமையாசிரியர் ஜெரால்ட். இப்போது களத்தில் மஞ்சள் வெயில் சாய்கிறது. நெல் தூசி மினுங்குகிறது. அவர் மகள் அனிட்டா வைக்கோல் போர்மேல் நின்றுகொண்டு, பிள்ளைகளின் விளையாட்டுக்கு, டிவி தொடரில் வரும் கொலைகாரன் தாண்டவனாக நடிக்க ஆள் தேடுகிறாள். குத்துவதற்கு முன்னால் தாண்டவன் தன் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைப்பான். "கண்ணாடியைக் குடுங்கப்பா" என்கிறாள். ஜெரால்டுக்கு நெஞ்சு நிமிர்கிறது. வில்லன் குரலுக்காகத் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். அவளோ கண்ணாடியை வாங்கி, அறுவடை மிஷின் ஓட்டும் கிளாட்சனின் மூக்கில் மாட்டுகிறாள். "மாமா, அப்படியே தாண்டவன்!" கிளாட்சன் தாண்டவனைப் போலவே ஒற்றைப் புருவத்தை மட்டும் உயர்த்துகிறான், பிள்ளைகள் அலறிச் சிரிக்கிறார்கள். "அப்ப நான்?" என்கிறார் ஜெரால்ட். "நீங்க பொணம்ப்பா. அங்க படுங்க." வைக்கோல் முதுகைக் குத்துகிறது. தன் கண்ணாடியை எவனோ 'ஹா' என்று ஊதுவதும், மகள் கைதட்டுவதும் கேட்கின்றன. மூடிய கண்ணுக்கு மேலே அவருடைய ஒரு புருவம் மெல்ல ஏறிப் பார்க்கிறது. மற்றதும் கூடவே எழுந்துவிடுகிறது. "பொணம் அசையக் கூடாதுப்பா!"