ஹெப்சிபாவின் இடது புருவம்

தூத்துக்குடிக்காரர் ஞானதிரவியத்துக்குக் கர்த்தர் நல்ல குரலைக் கொடுத்திருந்தார், சுதியைக் கொடுக்க மறந்துவிட்டார். ஆலயத்தில் பாடும்போது இரண்டாவது அடியிலேயே வழுக்கிவிடுவார். பக்கத்தில் கிட்டார் வாசிக்கும் அவர் மனைவி ஹெப்சிபா உடனே இடது புருவத்தைத் தூக்குவாள். அவரும் பதறிப்போய்ச் சுதிக்குத் திரும்புவார். இருபத்தாறு வருடம் இப்படித்தான் ஓடியது.

போன கிறிஸ்துமஸுக்குச் சபையார் ஒரு சுதிக் கருவியைப் பரிசளித்தார்கள். கிட்டாரின் தலையில் மாட்டினால் போதும். பாடுகிறவர் எங்கே வழுக்கினாலும் கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் கூடவே போகும். ஒரே நாளில் ஞானதிரவியம் பிழையில்லாத பாடகர் ஆகிவிட்டார். ஹெப்சிபா நிம்மதியாகக் குனிந்து வாசித்தாள். ஒருநாள் அவர் வேண்டுமென்றே படுமோசமாகப் பாடிப் பார்த்தார். கிட்டார் சமர்த்தாகப் பின்னால் வந்தது. அவள் நிமிரவே இல்லை.

அறுப்பின் பண்டிகையன்று, ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில், ஞானதிரவியம் கருவியைக் கழற்றி ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு பாடினார், வழுக்கினார். முன்வரிசை சிரித்தது. ஹெப்சிபா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். இடது புருவம் ஏறியது.

வாசலில் பிடித்துக்கொண்டாள். "சபையே சிரிக்குது! அதை ஏங்க கழட்டுனீங்க?"

"நான் பாடுறப்ப நீ என் மூஞ்சியப் பார்த்து பத்து மாசம் ஆச்சுட்டி."

ஸ்கூட்டரில் ஏறப்போனவள் திரும்பிப் புருவத்தைத் தூக்கினாள்.

"இப்ப நான் பாடவே இல்லையே?"

"தெரியும். பேசாம வண்டிய எடுங்க."